பெட்ரோல் டேங்குக்கு ஒரு முள்

சென்ற ஆண்டு வரை என் காரின் டேங்கில் எவ்வளவு பெட்ரோல் இருக்கிறது என்பதை ஒரு மூங்கில் குச்சிதான் எனக்குச் சொல்லிவந்தது. மூடியைத் திறந்து, குச்சியை அடிவரை இறக்கி, வெளியே எடுத்து, ஈரம் காய்வதற்குள் அதில் கத்தியால் கீறிவைத்த கோடுகளோடு ஒப்பிட வேண்டும். மே மாத வெயிலில் அந்த ஈரம் இரண்டு மூன்று நொடிகளுக்கு மேல் நிற்காது என்பதால் அது சற்றே கைப்பழக்கம் கேட்கும் வேலை. நான்கு வருடங்கள் அப்படியே ஓடின.

பிறகு ஒரு நாள், கோவை செட்டிபாளையத்தில் உள்ள கரி மோட்டார் ஸ்பீட்வேயில், ஏறத்தாழ 2.1 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தப் பாதையின் மறுகோடியில் ஒரு வளைவுக்கு நடுவே இயந்திரம் இருமி நின்றது. அன்று காலையில் குச்சி ஐந்து லிட்டருக்கும் மேல் காட்டியிருந்தது. ஏழு சுற்றுகள்தான் முடிந்திருந்தன. விரட்டி ஓட்டினால் லிட்டருக்கு மூன்று சுற்று என்பது என் கணக்கு. வண்டியை ஓரமாக நிறுத்திப் பத்து நொடி ஸ்டார்ட்டரைச் சுற்றியதும் ஒன்றுமே நடக்காததுபோல் இயந்திரம் மறுபடி ஓடியது. மெல்ல உருட்டிக்கொண்டு வந்து குச்சியை இறக்கிப் பார்த்தால், கிட்டத்தட்ட மூன்று லிட்டர் அப்படியே இருந்தது. டேங்கில் பெட்ரோல் இருப்பதும், இயந்திரத்துக்குப் பெட்ரோல் கிடைப்பதும் வெவ்வேறு செய்திகள் என்பதும், குச்சிக்கு முதல் செய்தி மட்டுமே தெரியும் என்பதும் எனக்கு அன்றுதான் உறைத்தன. இரண்டாவது செய்தியைச் சொல்லும் மீட்டர் ஒன்றைப் பொருத்திய கதைதான் இந்தப் பதிவு.

வண்டியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சதுர இரும்புக் குழாய்களால் நானே செய்த சட்டகம், இரண்டு இருக்கைகள், கூரை கிடையாது. இருக்கைகளுக்குப் பின்னால் மாருதி 800இன் 796 சி.சி. மூன்று சிலிண்டர் இயந்திரம், கார்புரேட்டர் காலத்தது, அதன் கியர்பாக்ஸோடு அப்படியே தூக்கி வைக்கப்பட்டுப் பின்சக்கரங்களை ஓட்டுகிறது. இந்த யோசனைக்கு நான் உரிமை கொண்டாட முடியாது. அதே இயந்திரத்தை வைத்து ஃபார்முலா மாருதி பந்தயக் கார்களை உருவாக்கிய கரிவரதனின் ஊர் இது. செட்டிபாளையம் பந்தயப் பாதைக்கு அவர் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். என் வண்டி சாலைக்கு வராது. மத்திய மோட்டார் வாகன விதிகளில் 126ஆம் விதி, ஒரு புதிய வாகனத்தின் முன்மாதிரியைப் புனேயின் ஏ.ஆர்.ஏ.ஐ. போன்ற சோதனை அமைப்பு சோதித்துச் சான்றளிக்க வேண்டும் என்கிறது. வீட்டுக் கொட்டகையில் ஒரே ஒரு வண்டி செய்பவனுக்கு அது எட்டாத கனி. ஆகவே எங்கள் தோட்டத்துக்குள் ஓடும், இல்லையென்றால் டாடா ஏஸில் ஏறிப் பந்தயப் பாதைக்குப் போகும்.

டேங்க், இருக்கைகளுக்கும் இயந்திரத்துக்கும் இடையே, தீத்தடுப்புத் தகட்டுக்கு முன்புறம், குறுக்குவாட்டில் உட்கார்ந்திருக்கிறது. மூன்று மி.மீ. அலுமினியத் தகட்டை வளைத்து ஆர்கான் வெல்டிங் செய்தது. அதன் பின்பாதிக்கு அடியில் சட்டகத்தின் குறுக்குக் குழாய் ஒன்று போவதால் டேங்கை நேர்ப்பெட்டியாகச் செய்ய முடியவில்லை. பக்கவாட்டில் பார்த்தால் படி வெட்டியதுபோல் இருக்கும். கீழ்ப்பகுதி 60 செ.மீ. அகலம், 14 செ.மீ. ஆழம், 10 செ.மீ. உயரம், அதன்மேல் 28 செ.மீ. ஆழத்துக்கு விரிந்த 12 செ.மீ. உயரப் பகுதி. மொத்தம் 28 லிட்டருக்குச் சற்று மேல். உள்ளே பெட்ரோல் அலைபாயாமலிருக்க இரண்டு தடுப்புத் தகடுகள் டேங்கின் அகலத்தை மூன்று சம அறைகளாகப் பிரிக்கின்றன. அடியில் வழிந்தோடத் துளைகள் உண்டு. மீட்டர் வைக்கும் எண்ணம் அப்போதே இருந்திருந்தால் டேங்கின் மேல்தகட்டில் ஒரு துளையை வெல்டிங்குக்கு முன்பே போட்டிருப்பேன். இல்லாததால் பின்னால் பட்ட பாடு பெரிது.

மீட்டர் இல்லாத கார் என்பது விசித்திரமான ஒன்றல்ல. ஃபோர்டின் மாடல் டி காரில் டேங்க் ஓட்டுநரின் இருக்கைக்கு அடியில் இருந்தது. இருக்கையைத் தூக்கிக் குச்சி விட்டுத்தான் பார்த்தார்கள். ஃபோக்ஸ்வாகன் பீட்டிலில் 1960களின் தொடக்கம் வரை மீட்டர் கிடையாது. இயந்திரம் இருமத் தொடங்கியதும் காலால் ஒரு குழாய்த் திருகைத் தள்ளி ரிசர்வுக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். ஸ்கூட்டரைச் சாய்த்துப் பிடித்துக் கடைசிச் சொட்டையும் கார்புரேட்டருக்கு அனுப்பிய தலைமுறைக்கு இதையெல்லாம் விளக்க வேண்டியதில்லை. ரிசர்வ் குழாய் உண்மையில் நல்ல ஏற்பாடு, ஏனென்றால் அது இயந்திரம் உறிஞ்சும் இடத்திலிருந்தே அளக்கிறது. ஆனால் வளைவுக்கு நடுவே கையை ஸ்டீயரிங்கிலிருந்து எடுத்து இருக்கைக்குப் பின்னால் துழாவ எனக்கு விருப்பமில்லை.

மின்சார மீட்டரின் அடிப்படை எளிது. டேங்குக்குள் ஒரு மிதவை, அதைத் தாங்கும் கம்பிக் கை, அந்தக் கை திரும்பும்போது மாறும் ஒரு மின்தடை. இந்த மூன்றும் சேர்ந்ததை நம் ஊர் எலக்ட்ரீஷியன்கள் டேங்க் யூனிட் என்பார்கள். தடை மாறினால் மின்னோட்டம் மாறும்; மின்னோட்டம் மாறினால் முன்பலகையில் முள் நகரும். மட்டம் கோணமாகிறது, கோணம் ஓமாகிறது, ஓம் முள்ளாகிறது. ஒவ்வொரு கட்டத்திலும் கொஞ்சம் பொய் கலக்கிறது என்பதைப் போகப்போகத் தெரிந்துகொண்டேன்.

முதல் பொய்யை நானே விலை கொடுத்து வாங்கினேன். உக்கடத்தின் பழைய சாமான் கடைகளில் ஒரு மாருதி 800 டேங்க் யூனிட் நல்ல நிலையில் கிடைத்தது. மீட்டர் மட்டும் அழகாக இருக்கட்டும் என்று, கறுப்பு முகமும் வெள்ளை முள்ளும் கொண்ட புதிய ஐரோப்பிய வகை வட்ட மீட்டர் ஒன்றைத் தனியாக வாங்கினேன். மேசைமேல் வைத்து இணைத்தபோது, மிதவையைக் கீழே விட்டால் முள் பாதிக்கும் மேல் ஏறி நின்றது. மிதவையை மேலே தூக்கினால் முள் காலிக்கும் கீழே போய்ப் படுத்தது. மல்டிமீட்டரை எடுத்துப் பார்த்த பிறகுதான் விஷயம் புரிந்தது. மாருதி யூனிட் காலியாக இருக்கும்போது 118 ஓமும் நிரம்பும்போது 4 ஓமும் காட்டியது. நான் வாங்கிய மீட்டரோ காலிக்கு 10, நிரம்பினால் 180 என்ற எதிர்த்திசை ஒழுங்குக்குச் செய்யப்பட்டது. அமெரிக்கச் சந்தையில் இன்னொரு வழக்கம், காலிக்கு 240, நிரம்பினால் 33. ஜெனரல் மோட்டார்ஸ் கார்களில் நெடுங்காலம் காலிக்கு 0, நிரம்பினால் 90. யூனிட்டையும் மீட்டரையும் ஜாதகம் பார்க்காமல் சேர்த்துவைத்தால் என்ன ஆகும் என்பதற்கு என் மேசை சாட்சி.

இதில் வெறும் பொருத்தத்துக்கும் அப்பால் ஒரு கேள்வி இருக்கிறது. கடைகளில் யாரும் அதைச் சொல்வதில்லை. டேங்க் யூனிட்டிலிருந்து வரும் வயர் அறுந்துபோனால் முள் எங்கே போகும்? வயர் அறுவது என்பது தடை எல்லையில்லாமல் உயர்வது. காலிக்கு அதிக ஓம் என்ற ஒழுங்கில் வயர் அறுந்தால் முள் காலியைக் காட்டும். நாம் பயந்து நிறுத்திப் பார்ப்போம். நிரம்பியதற்கு அதிக ஓம் என்ற ஒழுங்கில் வயர் அறுந்தால் முள் நிறைவைக் காட்டிக்கொண்டே இருக்கும். நாமும் நம்பி ஓட்டிக்கொண்டே இருப்போம். அதிரும் சட்டகத்தில் நானே முறுக்கிப் போட்ட வயரிங்கை வைத்துக்கொண்டு இரண்டாவது வகையைத் தேர்ந்தெடுக்க எனக்குத் துணிவில்லை. அழகான மீட்டர் அலமாரிக்குப் போனது. அதே உக்கடத்திலிருந்து மாருதியின் சொந்த மீட்டரை வாங்கிவந்தேன்.

மிதவையே இல்லாத யூனிட்டுகளும் உண்டு. இரண்டு உலோகக் குழாய்களுக்கு இடையே ஏறும் பெட்ரோலின் மின்தேக்கு அளவைக் கொண்டு மட்டத்தைக் கணிப்பவை அவை; அசையும் உறுப்பு இல்லாததால் தேய்மானம் இல்லை. பந்தய வண்டிக்கு அதுதான் ஏற்றது என்று ஒரு நண்பர் வற்புறுத்தினார். ஆனால் அந்த மின்தேக்கு அளவைத் தீர்மானிப்பது திரவத்தின் மின்காப்பு மாறிலி; பெட்ரோலுக்கு அது ஏறத்தாழ 2, எத்தனாலுக்கு ஏறத்தாழ 24. பெட்ரோலில் எத்தனால் கலக்கும் அளவு மாறினால் அந்த யூனிட்டின் கணக்கும் மாறிவிடும். 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் 2023இல் விற்பனைக்கு வரத் தொடங்கிப் பரவிவிட்ட நாட்டில், டேங்கின் அடியில் பழைய பெட்ரோலும் மேலே புதியதும் கலந்து கிடக்கும்போது, ஒருமுறை செய்த அளவுத்திருத்தம் எத்தனை நாள் தாங்கும்? மிதவைக்கு இந்தக் கவலை கிடையாது. அதற்குத் திரவத்தின் அடர்த்தி மட்டும்தான் கணக்கு, அதில் இந்தக் கலப்பு பெரிய மாற்றம் எதையும் செய்வதில்லை. எத்தனால் மிதவையின் பொருளைப் பாதிக்கலாம் என்பது வேறு செய்தி. பழைய வண்டிகளின் தக்கை மிதவைகளில் பூசிய வார்னிஷை எத்தனால் கரைத்துவிடும், தக்கை ஊறி மூழ்கிவிடும். ஆகவே கேஸ்கெட்டுக்கும் தக்கையைத் தவிர்த்து நைட்ரைல் ரப்பரைப் போட்டேன்.

இனி துளை. மேல்தகட்டில் ஒரு வட்டத்தை வெட்டி, அதைச் சுற்றி அலுமினிய வளையத்தை வெல்டிங் செய்து, அதில் மரைத்துளைகள் போடுவது என் திட்டம். டேங்கை முதலில் செய்துகொடுத்த அதே பட்டறைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். வெல்டர் தம்பி மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்துவிட்டு இரண்டடி பின்னால் போனார்.

"பெட்ரோல் குடிச்ச டேங்குல நான் தீ வெக்க மாட்டேனுங்கண்ணா. தகடு வாங்கிட்டு வாங்க, புதுசா இன்னொண்ணு செஞ்சு தர்றேன்."

அவர் சொன்னது முழுக்க நியாயம். காற்றில் பெட்ரோல் ஆவி 1.4 சதவீதத்திலிருந்து 7.6 சதவீதம் வரை இருந்தால் பற்றிக்கொள்ளும். நிரம்பிய டேங்கில் ஆவி அந்த மேல்வரம்பைத் தாண்டிவிடுவதால் உள்ளே பெரும்பாலும் எரியாது. காலி செய்து நாலு நாள் திறந்து வைத்த டேங்கில்தான் காற்றும் ஆவியும் சரியான விகிதத்தில் கலந்து காத்திருக்கும். காலியாகத்தானே இருக்கிறது என்ற நினைப்பே ஆளைக் கொல்லும். மூலைகளிலும் தையல்களிலும் ஒட்டியிருக்கும் சில மில்லி, தகடு சூடானதும் ஆவியாகிவிடுகிறது. நன்றாகக் கழுவியது என்று நாமே சொல்லிக்கொள்வதை நம்பி யாரும் தீயை அருகில் கொண்டுபோகக் கூடாது.

ஆகவே வெல்டிங் இல்லாத வழியைத் தேடினேன். பழைய கார்களைப் புதுப்பிப்பவர்கள் பயன்படுத்தும் ஒரு தந்திரம் கைகொடுத்தது. துளையைவிடப் பெரிய வளையம் ஒன்றை லேத்தில் கடைந்து, அதில் ஒரே ஓர் இடத்தில் வாள்வெட்டுப் போட்டுவிட வேண்டும். வெட்டிய வளையத்தைச் சாவி வளையம்போல் சற்றே முறுக்கினால் ஒரு முனை துளைக்குள் நுழையும். பிறகு அப்படியே சுற்றிக்கொண்டே போனால் முழு வளையமும் உள்ளே இறங்கி மேல்தகட்டின் அடிப்பக்கத்தில் உட்கார்ந்துவிடும். அதில் முன்கூட்டியே மரையிட்ட ஐந்து துளைகளுக்கு மேலிருந்து போல்ட் போட்டு இறுக்கினால், வளையம், டேங்க் தகடு, கேஸ்கெட், யூனிட்டின் தட்டு எல்லாம் சேர்ந்து ஒன்றாக நெருங்கும். வெட்டு இருக்கும் இடத்துக்கு இருபுறமும் நெருக்கமாக இரண்டு போல்ட்டுகள் வருமாறு பார்த்துக்கொள்ள வேண்டும். முதல் வளையத்தை எட்டு மி.மீ. தடிமனில் கடைந்தேன், முறுக்கினால் வளைய மறுத்து அது வீணாயிற்று; நான்கு மி.மீ. வளையம் உடனே நுழைந்தது.

துளை போடும்போது டேங்கை வண்டியிலிருந்து கழற்றி, சோப்புத் தண்ணீரால் பலமுறை அலசி, பிறகு வாய்வரை தண்ணீர் நிரப்பினேன். உள்ளே காற்றுக்கு இடமில்லை என்றால் ஆவிக்கும் இடமில்லை. 62 மி.மீ. வட்ட வாளைக் கைத்துரப்பணத்தில் மாட்டிச் சுற்றினேன். மின்துரப்பணத்தின் கார்பன் பிரஷ் பொறிகளும் வேண்டாம், தண்ணீருக்கு மேல் மின்சாரமும் வேண்டாம். முக்கால் மணி நேரம் ஆயிற்று. அலுமினியச் சிம்புகள் தண்ணீரில் விழுந்து அடியில் படிந்தன. அவற்றை முழுவதும் வெளியேற்ற இன்னொரு முக்கால் மணி நேரம்.

துளைகளைக் குறிப்பதற்கு முன் தீர்மானிக்க வேண்டிய ஒன்று, மிதவைக் கை எந்தத் திசையில் வீசும் என்பது. சந்தையில் கிடைக்கும் பல யூனிட்டுகளில் 54 மி.மீ. வட்டத்தில் ஐந்து துளைகள் சமமில்லாத இடைவெளியில் இருக்கும். யூனிட் ஒரே ஒரு வாட்டத்தில்தான் உட்காரும். நான் செய்த தட்டிலும் அதே உத்தியைப் பின்பற்றினேன். என் டேங்கின் கீழ்ப்பகுதி முன்பின்னாக 14 செ.மீ. மட்டுமே, கையின் நீளமும் 14 செ.மீ. முன்பின்னாக வீசினால் மிதவை சுவரில் இடித்து நின்றுவிடும். குறுக்குவாட்டில் நடு அறைக்குள் 20 செ.மீ. இடம் இருக்கிறது. ஆகவே கையைக் குறுக்கே வைத்தேன். நடு அறையைத் தேர்ந்தெடுத்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு: வண்டி வளைவில் திரும்பும்போது பெட்ரோல் ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் இறங்குகிறது, நடுவில் மட்டும் மட்டம் அவ்வளவாக மாறுவதில்லை. ஏற்றப்பலகையின் நடுவில் உட்கார்ந்த பிள்ளை இருபுறமும் உள்ளவர்களைப்போல் உயர்ந்து தாழ்வதில்லை அல்லவா, அதுபோல.

டேங்க் ரப்பர் மெத்தைகள்மேல் உட்கார்ந்து ரப்பர் பூசிய பட்டைகளால் கட்டப்பட்டிருப்பதால் அதற்குச் சட்டகத்தோடு மின்தொடர்பு கிடையாது. யூனிட்டின் தட்டிலிருந்து சட்டகத்துக்கு ஒரு தனி எர்த் வயர் இழுத்தேன். மீட்டர் தாறுமாறாக ஆடுகிறது என்று வருகிற வண்டிகளில் பாதிக்கு மேல் எர்த் கோளாறுதான் என்று எங்கள் ஊர் ஆட்டோ எலக்ட்ரீஷியன் ஒருவர் சொல்வார். மீட்டர் சுற்றுக்கு ஓர் ஆம்பியர் ஃபியூஸ் போட்டேன். டேங்குக்குள் மின்சாரம் போகிறதே என்று பார்ப்பவர்கள் பயப்படுகிறார்கள். மீட்டரின் சுருள் வரிசையில் இருப்பதால் மின்னோட்டம் ஓர் ஆம்பியரின் சிறு பங்குதான். ஆனால் அந்தச் சுருளைத் தாண்டி பேட்டரி வயர் நேராக யூனிட்டில் பட்டுவிட்டால் கதை வேறு. ஃபியூஸ் அதற்காக.

இப்போது மீட்டரின் பொய். மாருதியிலிருந்து நான் எடுத்தது வெப்ப வகை: இருவேறு உலோகங்களை ஒட்டிய பட்டையைச் சுற்றி மெல்லிய கம்பிச் சுருள், மின்னோட்டம் சுருளைச் சூடாக்க, பட்டை வளைந்து முள்ளைத் தள்ளுகிறது. சாவியைத் திருப்பினால் முள் நிதானமாக எழுந்து வந்து நிலைபெற அரை நிமிடம் ஆகும். இந்த மந்தத்தைக் குறை என்பவர்கள் உண்டு. எனக்கு இதுவே வரம். உள்ளே மிதவை தாறுமாறாகக் குதித்தாலும் பட்டைக்கு அதையெல்லாம் கவனிக்க நேரமில்லை. அரை நிமிடத்துச் சராசரியை மட்டும் அது காட்டுகிறது. கோளாறு வேறிடத்தில். வெப்பம் மின்னழுத்தத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. இயந்திரம் நிற்கும்போது என் பேட்டரி 12.4 வோல்ட், ஓடும்போது 14.2 வோல்ட், வர்க்கத்தைப் போட்டுப் பார்த்தால் வெப்பம் ஏறத்தாழ 31 சதவீதம் அதிகரிக்கிறது. இயந்திரத்தை ஓடவிட்டதும் டேங்கில் பெட்ரோல் கூடியதுபோல் முள் ஏறும். பிரிட்டிஷ் கார்களின் பழைய ஸ்மித்ஸ் மீட்டர்களுக்கு இதற்காகவே சராசரி 10 வோல்ட் தரும் ஒரு நிலைப்படுத்தியை வைத்திருந்தார்கள். நான் அதற்குப் பதில் 7810 என்ற சிறிய மின்னழுத்த ஒழுங்குபடுத்தியை அலுமினியத் துண்டு ஒன்றில் திருகி மாட்டினேன். பேட்டரி என்ன ஆட்டம் ஆடினாலும் மீட்டருக்கு இனி 10 வோல்ட்தான்.

10 வோல்ட்டில் முள் பழைய முகத்தின் எழுத்துகளோடு பொருந்தவில்லை. பொருந்தினாலும் பயனில்லை, என் டேங்க் மாருதியின் டேங்க் அல்ல. டேங்கின் பாதி உயரம் 11 செ.மீ.; அந்த உயரத்தில் என் படிக்கட்டு டேங்கில் இருப்பது பத்து லிட்டர்தான், அதாவது கொள்ளளவில் மூன்றில் ஒரு பங்கைக் கொஞ்சம் தாண்டியது. கணினி தெரிந்த நண்பர்கள் ஒரு மைக்ரோகன்ட்ரோலரை இடையில் வைத்து ஓமை லிட்டராக மாற்றும் அட்டவணையை அதற்குள் எழுதிவிடு என்றார்கள். செய்திருக்கலாம். எனக்கு அதைவிட எளிய வழி ஒன்று தோன்றியது: முள் எங்கே நிற்கிறதோ நிற்கட்டும், அதற்கேற்ப முகத்தை நான் எழுதிக்கொள்கிறேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில், வெயில் ஏறுவதற்குள், வண்டியைக் கொட்டகைக்கு வெளியே திறந்தவெளியில் நிறுத்தி, டேங்கின் மேல் ரசமட்டம் வைத்து, ஒரு சக்கரத்துக்கு அடியில் பலகைத் துண்டைச் செருகி மட்டப்படுத்தினேன். தண்ணீரை வைத்து இதைச் செய்தால் என்ன என்ற கேள்வி எழும். மிதவை தண்ணீரில் அதிகம் மேலே மிதக்கும். பெட்ரோலின் அடர்த்தி தண்ணீரில் முக்கால் பங்குதான் என்பதால் இரண்டுக்கும் இரண்டு மூன்று மி.மீ. வேறுபாடு வரும், என் டேங்கின் விரிந்த பகுதியில் இரண்டரை மி.மீ. என்றாலே 400 மில்லிக்கு மேல். ஆகவே பெட்ரோலே. உலோகக் கேனிலிருந்து அளவுக்குவளையால் ஒவ்வொரு லிட்டராக ஊற்றி, மூன்று நிமிடம் காத்திருந்து, முள்ளின் இடத்தை மீட்டர்க் கண்ணாடிக்கு மேல் ஒட்டிய டிரேசிங் தாளில் குறித்து, சாவியை அணைத்து யூனிட்டின் ஓமையும் அளந்து எழுதிக்கொண்டேன். என் தம்பி மகள் மணியைப் பார்த்துச் சொல்லும் வேலையை ஏற்றுக்கொண்டாள். பதினைந்தாவது லிட்டரில் அவளுக்கு அலுத்துவிட்டது.

மூன்று லிட்டரில் 101 ஓம், ஐந்தில் 87, பத்தில் 61, பதினைந்தில் 46, இருபதில் 30, இருபத்தைந்தில் 12. இருபத்தேழைத் தொட்டதும் மிதவை மேல்தடையில் போய் நின்றுவிட்டது. அதற்குமேல் ஊற்றிய ஒன்றரை லிட்டரை மீட்டர் கண்டுகொள்ளவில்லை. அந்த எண்களில் எனக்குப் பிடித்தது ஒன்று உண்டு. கீழே குறுகிய பகுதியில் லிட்டருக்கு ஆறேழு ஓம் மாறுகிறது. படியைத் தாண்டி விரிந்த பகுதிக்கு வந்ததும் லிட்டருக்கு மூன்று ஓம்தான். அதாவது பெட்ரோல் குறையக் குறைய என் முள் கூர்மையாகிறது. குறுக்குக் குழாய்க்கு வழிவிட்டு வேறு வழியில்லாமல் வெட்டிய அந்தப் படி, எனக்குத் தெரியாமலே செய்த உபகாரம் இது. தட்டையான அகன்ற டேங்குகளில் நேர்மாறாக நடக்கும்; கடைசி ஐந்து லிட்டர் முள்ளின் ஒரு மயிரிழைக்குள் ஒளிந்துகொள்ளும்.

முகத்தை எழுதும்போது பூஜ்யத்தை எங்கே வைப்பது என்பதுதான் உண்மையான கேள்வி. டேங்கின் அடிமட்டத்தில் வைத்தால் குச்சி சொன்ன அதே அரைச்செய்தியைத்தான் முள்ளும் சொல்லும். உறிஞ்சுகுழாயின் வாய் அடித்தகட்டிலிருந்து ஒரு செ.மீ. உயரத்தில் இருக்கிறது, அதற்குக் கீழே உள்ள 840 மில்லி ஒருபோதும் இயந்திரத்துக்குப் போகாது. அதற்கு மேலும், வளைவில் பெட்ரோல் ஒதுங்கும்போது குழாய்வாய் காற்றை இழுக்கத் தொடங்குவது மூன்று லிட்டர் அளவில் என்று செட்டிபாளையம் எனக்கு ஏற்கெனவே சொல்லியிருந்தது. ஆகவே டேங்கில் மூன்று லிட்டர் இருக்கும்போது முள் நிற்கும் இடத்தில் '0' என்று எழுதினேன். மற்ற எண்கள் அதிலிருந்து: 2, 5, 10, 15, 20. கோடுகள் சமமாக இல்லை. கீழே அகன்றும் மேலே நெருங்கியும் இருக்கின்றன. வெள்ளைத் தாளில் கறுப்பு மையால் எழுதி ஒட்டிய அந்த முகத்தைப் பார்ப்பவர்கள் கோணலாக அச்சடித்துவிட்டதாக நினைக்கிறார்கள்.

முள்ளைத் தவிர ஒரு விளக்கும் வைத்தேன், ஏனென்றால் பந்தயப் பாதையில் நான் மீட்டரைப் பார்க்கும் தருணங்கள் குறைவு. 1980, 90களின் பல கார்களில் இருந்த எளிய ஏற்பாடு அது: டேங்குக்குள் குறிப்பிட்ட உயரத்தில் ஒரு தெர்மிஸ்டர் (சூடேறினால் மின்தடை குறையும் சிறு உறுப்பு), அதனோடு வரிசையில் ஒரு சிறு பல்பு. பெட்ரோலில் மூழ்கியிருக்கும்வரை தெர்மிஸ்டர் குளிர்ந்திருக்கும், அதன் தடை அதிகம், பல்பு எரியாது. மட்டம் இறங்கி அது வெளியே வந்ததும் தன் சூட்டில் தானே சூடாகித் தடை குறைந்து பல்பு மெல்ல ஒளிரும். இதுவும் மந்தமான கருவி. வளைவில் ஒரு நொடி வெளியே தலைகாட்டினால் சூடாவதற்குள் மறுபடி நனைந்துவிடும் என்பதால் விளக்கு மினுக்குவதில்லை. பழைய கார் ஒன்றின் யூனிட்டிலிருந்து எடுத்த தெர்மிஸ்டரை, ஐந்து லிட்டர் மட்டமான ஆறு செ.மீ. உயரத்தில் வருமாறு பித்தளைக் கம்பியில் கட்டி இறக்கினேன். என் கணக்கில் அது '2' என்ற கோடு; ஆறு சுற்றுகளுக்குக் காணும்.

போன மாதம் செட்டிபாளையத்தில் சோதித்தேன். முள் '5'இலிருந்து இறங்கி '2'ஐ நெருங்கும்வரை வளைவுகளில் ஒரு கோடு அகலத்துக்கு மேல் ஆடவில்லை. நேர்ப்பாதையில் விளக்கு எரிந்தது. அந்தச் சுற்றை முடித்துக்கொண்டு உள்ளே வந்து, டேங்கின் அடித்திருகைக் கழற்றி முழுவதையும் கேனில் வடித்து அளந்தேன். 4 லிட்டர் 600 மில்லி. கடைசிச் சுற்றுக்கு 330 மில்லி போயிருந்தால், மீதி 70 மில்லிதான் தெர்மிஸ்டர் சூடாக எடுத்துக்கொண்ட நேரம்.

ஒரு குறை மட்டும் இன்னும் இருக்கிறது. தோட்டத்துச் சரிவில் மூக்கு மேலே பார்க்க நிறுத்தினால் முள் ஒரு லிட்டருக்கு மேல் குறைத்துக் காட்டுகிறது. மிதவை குறுக்குவாட்டில் நடுவில் இருந்தாலும் முன்பின்னாக நடுவில் இல்லை, கீழ்ப்பகுதியின் வடிவம் அதற்கு இடம்கொடுக்கவில்லை. கையின் கம்பியை முழங்கைபோல் இருமுறை மடக்கிப் பின்னால் கொண்டுபோக முடியுமா என்று அட்டையில் வெட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.